சமதரை தேடும் பந்து

மலைநாட்டில் எல்லாம் உண்டு. சமதரை ஒன்றுதான் அரிது. அருவி உண்டு, மூடுபனி உண்டு, கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் கவ்வாத்து வெட்டி மட்டம் பார்த்த தேயிலையின் பசுமை உண்டு. ஆனால், பந்தொன்றைத் தரையில் வைத்தால் அது வைத்த இடத்தில் நிற்கவேண்டும் என்று விரும்பும் பிள்ளைக்கு அந்த மலை ஒரு முழ நிலத்தைக்கூட மனமுவந்து கொடுப்பதில்லை. லயத்து வாசலில் உதைத்த பந்து படியிறங்கி, பீலிக்கரையைக் கடந்து, தேயிலைச் செடிகளுக்கிடையே வெட்டியிருக்கும் கானில் விழுந்து, மலையின் அடிவாரத்தில் போய்த்தான் ஓய்வெடுக்கும். அதைத் தேடிப் போகிறவன் பெரும்பாலும் பையன். பெண்பிள்ளையோ அந்நேரம் பீலியில் குடம் நிறைத்துக்கொண்டிருப்பாள். காலடியில் உருண்டுவரும் பந்தைக் காலாலேயே தடுத்து மேலே தள்ளிவிடுவாள். அந்த ஒரு தள்ளலில் இருக்கும் குறி பார்ப்பவரை வியக்கவைக்கும். அதோடு அவளுடைய ஆட்டம் முடிந்துவிடும்.

சமதரை அரிது என்றேன். இருந்த சிறிதளவுக்கும் உரியவர் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் பயணம் செய்தவர்கள் தரவளை மைதானத்தைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் மலை எழுந்து நிற்க, நடுவில் கம்பளம் விரித்தாற்போல் ஒரு புல்வெளி. நானுஓயாப் பக்கத்தில் ரதெல்ல மைதானமும் அத்தகையதே. துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடுவதற்கென்று அமைத்துக்கொண்ட கழகங்கள் அவை. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலும், 1889 ஆம் ஆண்டில் தோன்றிய கோல்ஃப் திடலும் ஊரின் நல்ல நிலங்களை முன்னமே பிடித்துக்கொண்டன. தொழிலாளிக்கென்று தோட்டத்தில் எஞ்சிய சமதரை இரண்டு: ஒன்று கோயில் முன்றல், மற்றொன்று பெரட்டுக்களம். விடியலில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்தவர்கள் வரிசையில் நின்று, இன்னார் இன்ன மலைக்கு என்று பேர் கூப்பிடக் காத்திருந்த இடம் அது. மாலையில் அதே களத்தில் இளைஞர்கள் பந்தாடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் உதைபந்தாட்டக் குழு எழுந்தது அப்படித்தான். பெண்கள் அக்களத்தில் நின்றது காலையில் மட்டுமே.

இந்தச் சமதரைப் பேச்சு இப்போது எதற்கு என்று வாசகர் கேட்கலாம். 2025 ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஆசியாவின் எட்டு நாடுகளில் மகளிர் உதைபந்தாட்டத் தகுதிகாண் போட்டிகள் நடைபெற்றன. 34 நாடுகளின் அணிகள் எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, பிரிவுக்கு ஓர் அணி மட்டுமே மேலே செல்லலாம் என்ற கடும் நிபந்தனையோடு ஆடின. மேலே என்பது ஆசியக் கிண்ணம். 2026 ஆம் ஆண்டுக்கென அவுஸ்திரேலியாவுக்கு வழங்கப்பட்ட அக்கிண்ணப் போட்டியில் இடம் 12 அணிகளுக்கே. போட்டியை ஏற்று நடத்தும் நாடும், முந்தைய போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற சீனா, தென்கொரியா, யப்பான் ஆகியவையும் நேரே உள்ளே வந்துவிட, எஞ்சிய எட்டு இடங்களுக்குத்தான் 34 அணிகளின் இந்தப் போராட்டம். ஆசியக் கிண்ணமோ 2027 ஆம் ஆண்டு பிறேசிலில் நடக்கவென்று குறிக்கப்பட்ட உலகக் கிண்ணத்துக்கு வாயில். ஆக, தாஷ்கந்திலோ யங்கோனிலோ ஒரு மாலை வேளையில் அடிக்கப்படும் ஒரு கோல், பிறேசில் வரை நீளும் ஏணியின் கீழ்ப்படி.

அந்தக் கீழ்ப்படியில் தெற்காசியா இம்முறை நன்றாகவே காலூன்றியது. தாய்லாந்தின் சியாங் மாயில் இந்திய மகளிர் மொங்கோலியாவைப் 13-0 என்று வென்று தொடங்கி, திமோர் லெஸ்தேயையும் ஈராக்கையும் கடந்து, கடைசி ஆட்டத்தில் சொந்த மண்ணில் நின்ற தாய்லாந்தையே 2-1 என்று வீழ்த்தினர். அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் வங்காளத்துக் கல்யாணியைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். மியன்மாரின் யங்கோனில் பங்களாதேஷ் மகளிர் அந்நாட்டு அணியை 2-1 என்று வென்று, தங்கள் வரலாற்றில் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றனர். இலங்கை அணி உஸ்பெகிஸ்தான், நேபாளம், லாவோஸ் ஆகியவற்றோடு தாஷ்கந்தில் ஆடியது. அப்பிரிவின் ஒரே இடம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று.

தகுதிகாண் போட்டி என்று நாம் வழங்கும் தொடரில் தகுதி என்ற சொல் ஒன்றே இருக்கிறது. உண்மையில் அங்கே காணப்படும் தகுதிகள் இரண்டு. ஓர் அணிக்கு உள்ள தகுதியைக் களம் காட்டும். ஆனால் அந்த அணியின் சட்டையை அணிவதற்கு ஒருத்திக்கு உள்ள தகுதியைக் களம் காட்டுவதில்லை, கடதாசி காட்டும். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி தெளிவானது: ஒரு நாட்டின் நிலையான குடியுரிமை உடையவரே அந்நாட்டு அணியில் ஆடலாம். பந்தை எவ்வளவு அழகாக உதைத்தாலும், குடியுரிமை இல்லாதவர் எந்த நாட்டுக்கும் ஆட இயலாது. இந்த விதியை வாசிக்கும்போது உலகின் பெரும்பாலானவர்க்கு ஒன்றும் தோன்றாது. மலையகத்துக்காரருக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ தட்டும்.

வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையில் வடித்த சி. வி. வேலுப்பிள்ளை அவருள் ஒருவர். தலவாக்கலைத் தொகுதி அவரை அனுப்பியது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ பாட்டனோ இந்நாட்டில் பிறந்தான் என்பதற்குச் சான்று காட்டு என்று அது கேட்டது. லயத்துக் காம்பராவில், தகரப் பெட்டியில், பாட்டனின் பிறப்புச் சான்றிதழை வைத்திருந்தவர் எத்தனை பேர்? 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பம் போயிற்று. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த எழுவரின் இடத்தில் ஒருவர்கூட இல்லை.

பிறகு 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் அழுகைக் கோச்சி.

இப்போது மகளிர் உதைபந்தாட்டத்தின் ஆண்டுகளை இந்த ஆண்டுகளுக்கு அருகே வைத்துப் பாருங்கள். ஆசிய மகளிர் கிண்ணம் முதன்முதலாக ஹொங்கொங்கில் ஆடப்பட்டது 1975 இல். அவ்வாண்டில் ஹட்டன் மலையொன்றில் பதினேழு வயதில், கால்வீச்சும் நெஞ்சுரமும் உள்ள ஒரு பெண் இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் குடும்பத்தின் விண்ணப்பம் எந்த அலுவலகத்து மேசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அவள் இலங்கையளா, இந்தியளா, இரண்டும் அல்லாதவளா என்பது முடிவாகும். அவளுடைய கால்களுக்கு அதில் பங்கில்லை.

1980 இல் அந்தக் கிண்ணப் போட்டி இந்தியாவில், கோழிக்கோட்டில் நடந்தது. இந்திய மகளிர் இறுதியாட்டம் வரை வந்து இரண்டாம் இடம் பெற்றனர். 1983 இல் தாய்லாந்திலும் அதே இரண்டாம் இடம். அந்த ஆண்டுகளில்தான் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் பிறவிடங்களிலும் வேலைக்கு அமர்ந்தன தாயகம் திரும்பியோர் குடும்பங்கள். கூடலூரிலிருந்து மலையிறங்கினால் கோழிக்கோடு. ஆசியாவின் சிறந்த மகளிர் ஆடிய திடலுக்கும், பொகவந்தலாவைக் கொழுந்தை விட்டு நீலகிரிக் கொழுந்துக்கு மாறிய பெண்ணுக்கும் இடையே சில மணி நேர வழித்தொலைவுதான். சட்டத்தின் கண்ணில் அவள் அப்போது இந்தியக் குடிமகள். ஆடும் தகுதி கடதாசியில் வந்துவிட்டது. மலை மாறியது, நாடு மாறியது, கையில் இருந்த கூடை மாறவில்லை.

இலங்கையில் எஞ்சியவர்க்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவுக்கும், 2003 ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த சட்டம் முழுமையாகவும் குடியுரிமை தந்தன. அஃதாவது, உலக மகளிர் கிண்ணம் 1991 இல் சீனாவில் முதன்முறையாக ஆடப்பட்டு, மூன்று முறை மேலும் ஆடப்பட்ட பின்னரே, எல்லா லயங்களின் பெண்களும் ஒரு நாட்டின் சட்டையை அணியச் சட்டப்படி உரியவராயினர்.

சட்டம் ஒருபுறம் இருக்க, பெண் பந்தை உதைப்பது தகுமா என்ற பழைய வினா ஒன்றும் உண்டு. நம் இலக்கியம் இதில் தாராளமானது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் கந்துகவரி என்றே ஒரு பகுதி மகளிர் பந்தாட்டத்துக்கென்று இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடும் அழகைப் பள்ளியில் படித்தவர் மறந்திருக்கமாட்டார். ஒரு குறையை மட்டும் சொல்லவேண்டும்: நம் புலவர்கள் பந்தைவிட வளையையும் இடையையும் கூர்ந்து பார்த்தார்கள். ஆட்டத்தில் யார் வென்றார் என்று அவர்கள் குறித்துவைக்கவில்லை.

உதைபந்தைக் கப்பலில் கொண்டுவந்த ஆங்கிலேயரோ தம் வீட்டுப் பெண்களிடமே இன்னும் கடுமை காட்டினர். 1920 ஆம் ஆண்டு டிசம்பர் 26 இல் லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் டிக் கேர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் கூடினர். முதல் உலகப் போரில் வெடிபொருள் செய்த கைகள். கால்களிலும் திறன் இருந்தது. மறு ஆண்டு டிசம்பரிலேயே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கழகமும் தன் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது. இதை நுணுகிப் பார்க்கவேண்டும். ஆடாதே என்று அவர்கள் தடுக்கவில்லை. ஆடுவதற்குத் தரையைக் கொடுக்காமல் விட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து 1971 இல்தான் அத்தடை நீங்கியது. தரவளைப் புல்வெளியில் ஒரு கொழுந்தாய்வாளின் மகள் ஏன் கால்வைக்கவில்லை என்பதற்குத் தனியாக ஒரு தீர்மானம் யாரும் எழுதவேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் துரைச்சானியின் தங்கைக்கே இடமில்லாத காலம் அது.

தெற்காசியாவுக்கு வருவோம். இப்பகுதி நாடுகளுக்கென்று மகளிர் கிண்ணப் போட்டி 2010 இல் பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரில் தொடங்கியது. இரண்டாவது போட்டி 2012 இல் நம் கொழும்பிலேயே நடந்தது. இலங்கை மகளிர் 2012, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் அரையிறுதி வரை வந்தனர். முதல் ஐந்து கிண்ணங்களையும் இந்தியாவே எடுத்துக்கொண்டது. ஆறாவதையும் ஏழாவதையும், 2022 இலும் 2024 இலும் கத்மந்துவில், நேபாளத்தை அதன் சொந்தத் திடலில் வென்று பங்களாதேஷ் கொண்டுபோயிற்று. ஆசியத் தகுதிகாண் போட்டிக்கு இத்தகைய வட்டாரப் போட்டிகளே பள்ளிக்கூடம். இங்கே அடிபட்டுக் கற்காத அணி அங்கே போய்ப் பத்துப் பன்னிரண்டு என்று கோல் வாங்கிக்கொண்டு திரும்பும்.

பங்களாதேஷின் இந்த எழுச்சியை மலையகத்தார் ஊன்றிப் படிக்கவேண்டும் என்பது என் துணிபு. யங்கோனில் மியன்மாருக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்த ரிது பர்ணா சக்மா ரங்காமாட்டி மலைநாட்டுப் பெண். 2022 ஆம் ஆண்டுப் போட்டியின் சிறந்த கோல்காப்பாளராகத் தெரிவான ருப்னா சக்மாவும் அதே மலையினர். மோனிகா சக்மா பக்கத்து மாவட்டமான காக்ராச்சாரியைச் சேர்ந்தவர். சக்மா மக்களின் கதையைக் கேட்டால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. கர்ணபூலி ஆற்றின் குறுக்கே காப்டாய் அணையைக் கட்டி, 1960 களின் தொடக்கத்தில் அவர்களின் வயல்களையும் ஊர்களையும் நீரில் ஆழ்த்தினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். ஒரு பகுதியினர் 1964 இல் எல்லை கடந்து இந்தியாவின் வடகிழக்கு மலைகளுக்குப் போய், பல பதின் ஆண்டுகள் எந்த நாட்டுக் குடியுமாகாமல் காத்திருந்தனர். அதே 1964! ஓராண்டு இரண்டு மலைகளில் செய்த வேலையை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

அந்த மலையிலிருந்து பந்து எவ்வாறு யங்கோன் வரை உருண்டது? அதிசயம் ஒன்றுமில்லை. ஆரம்பப் பள்ளிச் சிறுமியர்க்கென்று நாடு முழுவதும் ஓர் உதைபந்தாட்டப் போட்டியை 2011 இல் அரசு தொடங்கியது. ஒன்றியம், மாவட்டம், பிரிவு, தலைநகரம் என்று படிப்படியாக ஏறும் போட்டி. மைமன்சிங் மாவட்டத்தில், எல்லையோரத்துக் கல்சிந்தூர் என்ற சிற்றூரின் அரசு ஆரம்பப் பள்ளி அப்போட்டியில் திரும்பத் திரும்ப வென்று, நாட்டு அணிக்கே ஒரு நாற்றங்காலாயிற்று. மலைப் பெண்கள் பலரும் தத்தம் ஊர் ஆரம்பப் பள்ளிகளிலிருந்தே புறப்பட்டார்கள். பத்து வயதில் பந்தைத் தொட்டவள் இருபதில் நாட்டுக்கு ஆடுகிறாள். இதில் பெருஞ்செலவு எங்கே இருக்கிறது? பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தார், ஒரு திடலும் ஒரு கால அட்டவணையும் வந்து சேர்ந்தன. 2022 வெற்றிக்குப் பின்னர் ருப்னாவுக்கு வீடு கட்டிக்கொடுக்க அரசு உத்தரவிட்டது என்ற செய்தியையும் சேர்த்துப் படிக்கவேண்டும். சிறந்த கோல்காப்பாளராகும் வரை அவர் எத்தகைய வீட்டில் இருந்தார் என்பதை அந்த உத்தரவே சொல்லிவிடுகிறது.

நம்மவரிடையேயும் சான்றுகள் உண்டு. கடலூரில் 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஆதரவிழந்த சிறுமியரைத் திரட்டிப் பந்து பயிற்றிய முயற்சி, தமிழ்நாட்டு மகளிர் உதைபந்தாட்டத்துக்கே முதுகெலும்பாயிற்று. அவ்வூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர். தமிழ்நாட்டு அணி 2018 இல் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியக் கிண்ணத்தை முதன்முறையாகக் கொண்டுவந்தபோது அணியில் முன்நின்றவர். மதுரையின் சேது அணி 2019 இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இலங்கையின் வடக்கே, போரினால் இடம்பெயர்ந்து மீண்ட தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வாகை சூடியவர்கள். இடிந்த சுவர்களுக்கு நடுவேயும் யாழ்ப்பாணத்துக்கு ஒரு செல்வம் தப்பியிருந்தது: தட்டையான மண்.

மலையகத்துப் பெண்ணைப் பற்றிப் பேசுகையில் சிலர் ஒரு வாதம் சொல்வதுண்டு. நாள்தோறும் மலையேறி இறங்கும் குலத்தில் பிறந்தவள், கடல்மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே நுவரெலியாக் காற்றில் மூச்சு வளர்த்தவள், அவளைப்போல் ஓடுவதற்கு யார் இருக்கிறார்கள் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016 ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வு வேறு சொல்கிறது. தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் எய்தாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17. மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லதாக இருக்கலாம். எலும்பை வளர்ப்பது சோறும் பாலும் முட்டையும். காலையில் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுப் பாடசாலைக்கு நடந்து, மாலையில் 90 நிமிடம் ஓடு என்றால் எந்தக் குலத்தில் பிறந்தவளும் ஓடமாட்டாள். ஏழ்மையைத் திறமையின் காரணமாக்கிப் பாராட்டும் இந்த வழக்கத்தை நாம் விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, ஏணி. அது இல்லாமல் இல்லை. பாடசாலைப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிவகுத்து நடக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து வலயங்கள். ஹட்டன் வலயத்தில் ஒரு தோட்டப் பாடசாலை வென்றால், மாகாண மட்டத்தில் கண்டி, மாத்தளை மாவட்டங்களின் பெரிய கல்லூரிகளை எதிர்கொள்ளவேண்டும். அங்கே வென்றால் கொழும்புத் தேர்வாளர் கண்ணில் படலாம். தெற்காசியக் கிண்ணத்துக்கும் ஆசியத் தகுதிகாண் போட்டிக்கும் வழி அதுவே. ஏணியின் மேற்படிகள் பலமாக இருக்கின்றன; கீழ்ப்படிதான் தரையைத் தொடவில்லை. ஏனென்றால், முன்னே சொன்னபடி, தரை இல்லை. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கினால், இருக்கும் சிறு களமும் சேறாகிவிடும். மேற்படிகளிலும் சில வேளை ஆட்டம் உண்டு: நிர்வாகத்தில் வெளித்தலையீடு என்று கூறி 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, அவ்வாண்டு ஓகஸ்ட்டில்தான் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதம் எந்த மலையில் எந்தப் பெண் எவ்வளவு நன்றாக ஆடினாலும் போவதற்கு இடமிருந்திராது.

கடதாசியின் கதையும் முற்றாக முடியவில்லை. குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கவேண்டுமே! தோட்டத்துப் பிறப்புகளைத் தோட்ட நிர்வாகத்தின் வழியாகப் பதிவுசெய்த காலத்தில் தமிழ்ப் பெயர்கள் பிறமொழிக் காதில் விழுந்து, பிறமொழி எழுத்தில் இறங்கி, வேறு பெயராகவே வெளிவந்தன. தந்தையின் அட்டையில் ஓர் எழுத்து, மகளின் சான்றிதழில் வேறோர் எழுத்து. வெளிநாட்டுப் போட்டிக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போகும் நாளில்தான் அந்த எழுத்து எழுந்து நின்று வழிமறிக்கும். வலயப் போட்டியின் வயதுப்பிரிவுக்கே சான்றிதழ் கேட்பார்கள். ஆசிரியர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: பயிற்சியின் முதல் வாரத்தில் பந்தைக் கொடுக்குமுன் சான்றிதழ்களை வாங்கிப் பாருங்கள். திருத்தவேண்டியிருந்தால் அதற்கு மாதங்கள் ஆகும். பிள்ளையின் பதினாறாவது வயது காத்திருக்காது.

பதினாறு என்றேன். அந்த வயதில்தான் மலையகத்துப் பெண்ணின் ஆட்டம் பெரும்பாலும் நின்றுபோகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புத் துணிக்கடையோ, ஆடைத் தொழிற்சாலையோ, பிறர் வீட்டு அடுக்களையோ அழைக்கும். நாட்டு அணியொன்று ஒருத்தியைத் தேடத் தொடங்கும் வயதும் அதுவே. தாயார் தடுக்கிறார்கள் என்று குறைப்படுவோர் உண்டு. அரைக்காற்சட்டை அணிந்து ஊரார் முன் ஓடுவதா என்று தாய் கேட்பது உண்மைதான். ஆனால் அவள் நாட்கூலியின் கணக்கையும் நாம் பார்க்கவேண்டும். ஆணுக்கு நிகரான நாட்கூலி தோட்டத்துப் பெண்ணுக்குச் சட்டப்படி கிடைத்ததே 1984 இல். இன்றும் குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அவளுக்கு விழுவது அரைப்பேர். பேர் என்றால் தோட்டத்து வழக்கில் ஒரு முழு நாள் வேலை, அதன் கூலி. மடுவத்துத் தராசில் கூடை ஏறும்போது அவளுடைய பேர் முழுதாகிறதா, பாதியாகிறதா என்பது தீர்ப்பாகும்.

அந்தத் தாய்மாரிடம் மைதானத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், பெரட்டுக்களத்தை மாலையில் ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கித் தருமாறு தோட்டத்துத் தலைவர்மாரிடமும் நிர்வாகத்திடமும் பேசலாம். அது யாருடைய கொழுந்தையும் குறைக்காது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் உள்ள பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு களத்தை முறைவைத்துப் பயன்படுத்தலாம். துரைமார் கழகங்களின் புல்வெளிகளில் ஞாயிறு தவிர்ந்த நாட்களில் மேய்வது பெரும்பாலும் மூடுபனிதான். கேட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை.

பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் வாரநாட்களிலேயே நடக்கின்றன. காலையில் ஹட்டனுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். பிள்ளையைத் தனியே அனுப்ப மனம் வராத தாய் தானும் கூடப் போவாள். போகிற வழியில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அன்று அவளுக்கு அரைப்பேரும் இல்லை. மகளின் பேர் மட்டும் வலயத்துப் பட்டியலில் இருக்கும்.